நோட்டீஸ் போர்டு சாவி யாரிடம் இருக்கிறது?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அந்தத் தொழிற்சாலையின் கேட்டைத் தாண்டியதும் டைம் ஆபீஸ். அதன் வெளிச்சுவரில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெட்டி. உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று இடமிருந்து வலமாகக் குறித்துக்கொண்டேன். எப்போதோ ஒட்டிய ஆயுத பூஜை வாழ்த்து, பாதுகாப்பு வாரப் போஸ்டர், கம்பெனி பஸ் வரும் நேரம், ஓய்வுபெற்ற ஒருவரின் மறைவுக்கு இரங்கல் தாள். கடைசி மூலையில், வெயில் பட்டுப் பழுப்பேறி, தொழிற்சாலைகள் சட்டம் 1948-ன் சுருக்கம். கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தால்தான் படிக்க முடியும். கதவில் சின்னதாக ஒரு பூட்டு.

சாவி எங்கே என்று கேட்டேன். டைம் ஆபீஸில் இருந்தவர் மேசை இழுப்பறையைக் குடைந்து பார்த்துவிட்டு, "போன வாட்டி எச்.ஆர். சார் வாங்கிட்டுப் போனாரு" என்றார். போன வாட்டி என்றால் எப்போது? அவருக்கு ஞாபகம் இல்லை.

அந்த மூலையில் ஒட்டியிருக்கும் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. 2025 நவம்பர் 21, வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஊதியத் தொகுப்பு 2019-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு குறித்த மற்ற மூன்றும் 2020 செப்டம்பரில், கொரோனா காலத்தில் நிறைவேறின. 29 மத்தியச் சட்டங்கள் இந்த நான்குக்குள் போய்விட்டன. ஐந்து வருடம் கிடப்பில் கிடந்ததால், பலருக்கும் இப்படி ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது.

புதிய ஊதியத் தொகுப்பின் 50-வது பிரிவு, முதலாளி எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒரு நோட்டீஸ் வைக்க வேண்டும் என்கிறது. சட்டத்தின் சுருக்கம், எந்த வகைத் தொழிலாளிக்கு என்ன சம்பளம், சம்பளம் போடும் தேதி, நேரம், அந்தப் பகுதி ஆய்வாளரின் பெயர், முகவரி எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதே பிரிவு எல்லோருக்கும் சம்பளச் சீட்டும் கொடுக்கச் சொல்கிறது. சட்டம் தன்னைத் தொழிலாளிக்கு அறிமுகம் செய்துகொள்ள வைத்திருக்கும் வழிகள் இந்த இரண்டும்தான்: சுவரில் ஒரு பலகை, கையில் ஒரு சீட்டு. பலகையின் சாவியோ தேடினாலும் கிடைக்கவில்லை.

"ட்வெல்வ் த்ரீ போட்டாச்சா?"

தொழிற்பேட்டைத் தொழிலாளிகளின் பேச்சில் சில எண்கள் உண்டு. சம்பள உயர்வு ஒப்பந்தம் தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் கையெழுத்தானால் அது 'ட்வெல்வ் த்ரீ'. நிர்வாகமும் சங்கமும் தங்களுக்குள்ளேயே பேசி முடித்தால் 'எயிட்டீன் ஒன்'. ஆட்குறைப்பு என்றால் 'ட்வென்டி ஃபைவ் எஃப்'. தனி ஆளாக வேலைநீக்கத்தை எதிர்த்தால் 'டூ ஏ'. பத்தாம் வகுப்பு தாண்டாத லேத் ஆபரேட்டர் இந்தப் பிரிவு எண்களைப் பஸ் நம்பர் மாதிரி சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 1947-ம் ஆண்டுத் தொழிற்தகராறு சட்டம் மூன்று தலைமுறைத் தொழிலாளிகளின் வாயில் இப்படித்தான் பழகியது.

அந்த எண்கள் இனி இல்லை. எழுபது வயதைக் கடந்த ஒரு சங்க நிர்வாகியிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். மேசையில் புதிய தொகுப்பின் ஆங்கிலப் பிரதி. பக்கத்துக்குப் பக்கம் பென்சிலில் பழைய எண்களை எழுதி வைத்திருந்தார். "வீடு மாத்துன மாதிரி இருக்கு தம்பி. சாமான் எல்லாம் அதேதான், ஆனா எந்தப் பெட்டியில எது இருக்குன்னு தெரியல. சிலது வழியிலயே காணாமலும் போயிருக்கு."

காணாமல் போனவற்றில் ஒன்றை அவரே காட்டினார். வேலையை விட்டு நீக்கப்பட்டவர் தீர்ப்பாயத்துக்குப் போகப் பழைய சட்டத்தில் மூன்று வருடம் அவகாசம் இருந்தது. இப்போது இரண்டு வருடம். ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வேறு வேலை தேட வேண்டும், வக்கீலுக்குப் பணம் புரட்ட வேண்டும் என்று தள்ளிப்போடுகிற மனிதருக்கு அந்த ஒரு வருடம் சின்ன விஷயமில்லை. எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. சம்பள பாக்கி கேட்டு மனு போட, பழைய ஊதியப் பட்டுவாடா சட்டத்தில் ஒரு வருடமும் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் ஆறு மாதமும்தான் கெடு. அது இப்போது மூன்று வருடம். ஒரு கெடு சுருங்கியது, இன்னொன்று நீண்டது. எது எது என்று தெரியாதவர் இரண்டிலும் தோற்பார்.

ஆட்குறைப்புக்கோ மூடுவதற்கோ அரசின் முன்அனுமதி வாங்க வேண்டிய ஆலைகளின் அளவு 100 தொழிலாளியிலிருந்து 300 ஆக ஏறியிருக்கிறது. எந்த நிறுவனத்திலும் வேலைநிறுத்தம் செய்ய 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். முன்பு இந்தக் கெடுபிடி மின்சாரம், போக்குவரத்து மாதிரியான பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்குத்தான். பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் கேஷுவல் லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தம்தான். சங்கங்கள் எதிர்ப்பது முக்கியமாக இதையெல்லாம். ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிலாளிகள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வெளியே உட்கார்ந்திருந்ததையும், அவர்கள் சங்கத்தைப் பதிவு செய்ய அடுத்த ஜனவரி வரை காத்திருந்ததையும் பார்த்தவர்களுக்கு, இந்த விதிகளைப் பேப்பரில் படிப்பதும் பந்தலில் உட்கார்ந்து படிப்பதும் ஒன்றல்ல என்று புரியும்.

நடப்பு அறிந்தவர்கள்

சட்டம் மாறுவதை உடனுக்குடன் தெரிந்துகொள்வது ஒரு தொழில். 'லேபர் லா கன்சல்டன்ட்' என்று போர்டு போட்ட அலுவலகங்களைத் தொழிற்பேட்டை உள்ள எந்த ஊரிலும் பார்க்கலாம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பணம் கட்டுவது, பதிவேடு எழுதுவது, ஆய்வாளர் வந்தால் கூட நிற்பது எல்லாம் அவர்கள் வேலை. மாதக் கட்டணம் நிறுவனம் கொடுக்கும். அரசிதழ் வெளியான சில நாட்களிலேயே 'எம்ப்ளாயர்கள் கவனிக்க வேண்டியவை' என்று பி.டி.எஃப். வந்துவிடும். இதில் தப்பு ஒன்றுமில்லை. முதலாளி சட்டத்தைத் தெரிந்துகொள்வது நல்லதுதான்.

தொழிலாளிக்கு யார் பி.டி.எஃப். அனுப்புகிறார்கள்? வாட்ஸ்அப்தான். அந்த நவம்பர் கடைசி வாரத்தில் எனக்கு வந்த ஃபார்வர்டு மெசேஜ்களில் முதலிடம், 'இனி வாரத்துக்கு 4 நாள் மட்டுமே வேலை' என்பதற்கு. சட்டத்தில் இருப்பது நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். அதைத் தாண்டினால் இரட்டிப்பு ஓ.டி. இரண்டாவது இடம், 'வேலையை விட்டால் 2 நாளில் முழு செட்டில்மென்ட்' என்பதற்கு. இதில் பாதி உண்மை. ராஜினாமா செய்தாலும் நீக்கப்பட்டாலும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்று புதிய தொகுப்பு சொல்கிறது. ஆனால் கிராஜுவிட்டி அதில் சேராது. அதற்கு முன்பு போலவே 30 நாள். பாதி உண்மையை நம்பி எச்.ஆர். அறையில் போய்ச் சத்தம் போட்ட ஒரு பையன், முழுப் பொய் என்று திரும்ப அனுப்பப்பட்டு, அந்தப் பாதியையும் கேட்காமல் வந்ததை எனக்குத் தெரியும்.

'40 வயதானால் இலவச மருத்துவப் பரிசோதனை' இன்னொன்று. மத்திய அரசின் அறிவிப்பும் அப்படித்தான் சொன்னது. சட்டத்தைப் புரட்டினால் வயது அதில் இல்லை. 'வகுக்கப்படும் வயதினருக்கு' என்று மட்டும் இருக்கிறது. வகுப்பது விதிகளின் வேலை. தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில் இருப்பதால் மத்திய அரசின் விதி ஒரு பக்கம், மாநில அரசின் விதி ஒரு பக்கம். தலைப்புச் செய்தியில் வருவது சட்டம். ஆனால் எந்தப் படிவம், எத்தனை நாள், யாரிடம் கொடுப்பது என்பதெல்லாம் இந்த விதிகளில்தான். இவை எந்த டி.வி.யிலும் ஓடுவதில்லை.

தொழிலாளர் சட்ட மாற்றம் ஒன்று டி.வி.யில் விடாமல் ஓடியதும் உண்டு. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்த மசோதா நிறைவேறியது. ஆளும் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. 24-ம் தேதி நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். பத்தே நாள். டீக்கடை வரை விவாதம் வந்ததால் நடந்தது அது. அந்த அளவு சத்தம் எல்லாத் தொழிலாளர் சட்ட மாற்றத்துக்கும் எழுவதில்லை.

சத்தமே இல்லாத மாற்றம் ஒன்று இங்கே வருடா வருடம் நடக்கிறது. குறைந்தபட்ச ஊதியத்தோடு சேரும் பஞ்சப்படி, சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டு எண்ணை வைத்து ஒவ்வொரு ஏப்ரல் 1-ம் தேதியும் மாறும். நூறு பேரிடம் கேட்டுப் பாருங்கள், ஏப்ரலில் தன் சம்பளத்தில் என்ன கூடியது என்று எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று.

ஒரு சீட்டை விரித்துப் பார்ப்போம்

ஒரு சம்பளச் சீட்டு. பெயரும் கம்பெனியும் வேண்டாம். மொத்தச் சம்பளம் 20,000 ரூபாய். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 8,000. வீட்டு வாடகைப் படி 8,000. போக்குவரத்துப் படி 4,000. தமிழ்நாட்டில் பல சீட்டுகள் ஏறக்குறைய இந்த வடிவில்தான் இருக்கின்றன. அடிப்படையைக் குட்டையாக வைத்து, படிகளை நெட்டையாக வைப்பது. ஏன்? பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அடிப்படையை வைத்துத்தான் கணக்கு. அடிப்படை குறைந்தால் நிர்வாகத்துக்கு அந்தச் செலவும் குறையும்.

புதிய தொகுப்பு இதைத் தொடுகிறது. வீட்டு வாடகை, போக்குவரத்து மாதிரியான படிகளைச் 'சம்பளம்' என்ற கணக்கிலிருந்து கழிக்கலாம். ஆனால் கழிப்பது மொத்தத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தாண்டிய தொகை சம்பளத்தோடு சேர்ந்துவிடும். நம் சீட்டில் படிகள் 12,000. பாதி என்பது 10,000. மிச்சம் 2,000 இந்தப் பக்கம் வருகிறது. சட்டத்தின் கண்ணில் சம்பளம் இனி 8,000 இல்லை, 10,000.

இவர் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு வெளியே போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிராஜுவிட்டி, கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்குவது. பழைய கணக்கில் 46,154 ரூபாய். புதிய கணக்கில் 57,692 ரூபாய். 11,538 ரூபாய் வித்தியாசம். ஒரு சவரனுக்குக் காணாது என்றாலும், மகளின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு தவணைக்கு ஆகும்.

இதே அளவுகோலில் பி.எஃப். பிடித்தம் நடந்தால் 960 ரூபாய் பிடித்த இடத்தில் 1,200 பிடிப்பார்கள். கைக்கு வரும் பணம் மாதம் 240 குறையும். அப்போது யாராவது ஒருவர் வந்து 'புதுச் சட்டம் உன் சம்பளத்தைக் குறைச்சிருச்சு' என்று சொல்வார், தொழிலாளி நம்பிவிடுவார். நிர்வாகம் தன் பங்காக இன்னொரு 240 கட்ட வேண்டும் என்பதையும், அதுவும் அவர் பி.எஃப்., பென்ஷனுக்குத்தான் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். அந்த 240-ஐயும் சி.டி.சி. (ஊழியருக்கு ஆகும் மொத்தச் செலவு) என்ற பெயரில் அவர் சம்பளத்திலிருந்தே கழிக்கும் சாமர்த்தியசாலிகளும் உண்டு என்பது தனிக்கதை.

ஒப்பந்தக் காலத்துக்கு எடுக்கப்படும் 'ஃபிக்ஸட் டெர்ம்' ஊழியருக்கு ஒரு வருடம் முடிந்தாலே கிராஜுவிட்டி உண்டு என்பது இந்தத் தொகுப்புகளில் எனக்குப் பிடித்த வரி. மற்றவர்களுக்கு ஐந்து வருடக் கணக்கு அப்படியே இருக்கிறது. ஒரு கவலையும் கூடவே வருகிறது. இந்தச் சலுகையைக் காட்டியே நிரந்தர வேலைகள் எல்லாம் ஒப்பந்தக் காலத்துக்கு மாறிவிடலாம். ஸ்விக்கி, ஸொமேட்டோ டெலிவரி ஊழியர்களைச் சட்டம் முதல் முறையாகப் பெயர் சொல்லி அழைத்திருக்கிறது. நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தர வேண்டும். நல்லது. அந்த நிதியிலிருந்து முதல் ரூபாய் ஒரு டெலிவரி ஊழியர் கையில் விழும் நாளில் அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

பெரம்பூர் சபையும் தி.நகர் ஸ்டூலும்

நூறு வருடத்துக்கு முன்னால் தொழிலாளி எப்படி நடப்பைத் தெரிந்துகொண்டார்? சென்னை பெரம்பூரில் வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒன்று இருந்தது. பக்கத்திலிருந்த பின்னி ஆலைத் தொழிலாளிகள் வேலை முடிந்து பக்திச் சொற்பொழிவு கேட்க வருவார்கள். அதை நடத்திய செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் கூட்டத்தின் காதில் வேறு விஷயங்களையும் போட்டார்கள். திரு.வி.க. பேசினார். 1918 ஏப்ரல் 27-ல் பி.பி.வாடியா தலைவராக, சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. ஆலை நிர்வாகம் வாடியா மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கியது. சங்கம் வைப்பதைச் சட்டம் பாதுகாக்கவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்ததற்கு அந்த வழக்கும் ஒரு காரணம். புராணம் கேட்கப் போன இடத்தில் உரிமை கேட்டுத் திரும்பியவர்கள். அந்தச் சட்டமும் 2025 நவம்பரில் தொழில் உறவுகள் தொகுப்புக்குள் போய்விட்டது.

சங்கம் இருக்கும் இடத்தில் சாவி தொலைந்தாலும் யாராவது கண்ணாடியைத் தட்டுவார்கள். சங்கமே இல்லாத இடங்கள்தான் அதிகம். தி.நகரில் ஒரு துணிக்கடை. 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்து, விற்பனையாளர்களுக்கு உட்கார இருக்கை கொடுப்பது கட்டாயமானது. அதற்கு மூன்று வருடம் முன்னால் கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் போராடி வாங்கிய உரிமை அது. நான் போன தளத்தில் கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருந்தது. மறுக்க முடியாது. அதன்மேல் பூனம் புடவைக் கட்டு ஒன்று இடுப்பு உயரத்துக்கு உட்கார்ந்திருந்தது. கவுண்டரில் இருந்த பெண் ஒரு காலை மடக்கி மறுகாலில் நின்றபடி புடவையை விரித்துக் காட்டினார். "உட்காரக் கூடாதா?" என்றேன் மெதுவாக. "உட்காரலாம் சார், சூப்பர்வைசர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. கஸ்டமர் வந்தா எழுந்திரிக்கணும். கஸ்டமர் வந்துட்டேதான இருக்காங்க." சட்டம் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாரா? டி.வி.யில் பார்த்தாராம். கடையில் யாரும் சொன்னதில்லையாம்.

காலண்டர்

மத்தியச் சட்டங்கள் 29 போனாலும் தமிழ்நாட்டின் சொந்தச் சட்டங்கள் சில அப்படியே நிற்கின்றன. 1981-ம் ஆண்டின் நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் அதில் ஒன்று. 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ச்சியாக வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும். இந்த ஒரு எண்ணை மட்டும் ஒரகடம் தொழிற்பேட்டைப் பக்கம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. காண்ட்ராக்டருக்கும் நன்றாகத் தெரியும். அதனால்தான் 'பிரேக்' என்று ஒரு வழக்கம். கொஞ்ச நாள் வேலைக்கு வராதே என்பார்கள். திரும்பி வரும்போது புது ஐ.டி. கார்டு, புது நம்பர், சில சமயம் புது காண்ட்ராக்டர். கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. இப்படிப் போடும் பிரேக் செல்லுமா என்பது நீதிமன்றத்தில் வாதாட வேண்டிய விஷயம். வாதாட, அவர் எத்தனை நாள் வேலை பார்த்தார் என்பதற்கு யாரிடமாவது ஆதாரம் இருக்க வேண்டும்.

ஒரகடத்தில் நாலு பேர் சேர்ந்து தங்கியிருக்கும் ஒற்றை அறையில் அப்படி ஒரு ஆதாரத்தைப் பார்த்தேன். திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன், வெல்டர். மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர், ஆணியில் தொங்கியது. வேலைக்குப் போன நாளெல்லாம் நீலப் பேனாவில் வட்டம். ஓ.டி. பார்த்த நாளில் வட்டத்துக்குள் ஒரு புள்ளி. பிரேக் கொடுத்த நாட்களுக்குச் சிவப்புக் கோடு. போன வருடக் காலண்டரைச் சுருட்டி டிரங்குப் பெட்டிக்கடியில் வைத்திருந்தான். சம்பளச் சீட்டு ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பியிருந்தான், போன் தொலைந்தாலும் அங்கே இருக்கட்டும் என்று.

"இது யார் சொல்லிக் கொடுத்தது?"

"முன்னாடி இந்த ரூம்ல இருந்த அண்ணன். அவரு எழுதி வைக்காம விட்டுட்டாராம்."

இதுவரை எத்தனை நாள் என்று கேட்டேன். உதட்டை அசைத்துக்கொண்டே இந்த வருடத்து ஆறு மாதத்தை மறுபடி எண்ணி, போன வருடக் கணக்கோடு கூட்டினான். "311. கார்டு மூணு வாட்டி மாறிருச்சு அண்ணே. நான் மாத்தல, அதே கணக்குலதான் எண்ணிட்டு வரேன்."

பேனாவை எடுத்து அன்றைய தேதியைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, நைட் ஷிஃப்ட் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினான்.